விழுந்த குருவியும் தங்கியிருந்த மனிதரும்

தென்பெண்ணையாற்றின் வடகரையில், பாகூர் கொம்யூனின் தென்கோடியில் அமைந்த சிற்றூர் சோரியாங்குப்பம். 2024-ஆம் ஆண்டு ஆனித் திங்கள் முதல் ஆவணி முடிய மூன்று திங்கள் அவ்வூரில் தங்கும்படி நமக்கு நேர்ந்தது. இதய அறுவை மருத்துவத்துக்குப் பின் பயணம் கூடாது, படியேறல் கூடாது, உரத்துப் பேசலும் கூடாது என்று மருத்துவர்கள் விதித்தனர். ஆயர் அவர்களும் பங்குப் பொறுப்பிலிருந்து விடுப்பு அளித்தார்கள். நம் பங்கைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவரின் தமக்கையார், கைம்பெண், வயலோரத்து வீட்டில் தனித்து வாழ்பவர், "இங்கே வந்து இருங்க சாமி" என்று அழைத்தார். சென்றோம்.

குருப்பட்டம் பெற்ற இருபத்தேழு ஆண்டுகளில் ஐந்து பங்குகளில் பணியாற்றியுள்ளோம். எங்கும் ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள். ஒவ்வோர் ஊரிலும் ஏதேனும் ஒன்றைக் கட்டினோம்: ஓரிடத்தில் மணிக்கூண்டு, ஓரிடத்தில் பள்ளிச் சுற்றுச்சுவர், ஓரிடத்தில் கெபி. கட்டியவற்றைக் கண்ட அளவுக்கு அவ்வூர்களை நாம் கண்டதில்லை என்பதைச் சோரியாங்குப்பத்துத் திண்ணையில் உட்கார்ந்த முதல் வாரத்திலேயே உணர்ந்தோம். செய்வதற்கு ஒன்றும் இல்லாத மனிதனுக்கு நாள் எத்துணை நீளமானது! காலைச் செபமும் திருப்பலியும் முடிந்தால் எட்டு மணி. அதற்குப் பின் இரவு வரை நம் கண்முன் இருந்தவை நெல்வயல், மோட்டார் கொட்டகை, ஒரு பழங்கேணி, கேணியின்மேல் சாய்ந்த ஒற்றைப் பனை ஆகியவையே. அந்தப் பனையோலைகளில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டத் தொடங்கியிருந்தன.

நாம் கையோடு கொண்டு சென்ற நூல்களில் ஒன்று, பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் தன்வரலாறாகிய 'தி ஃபால் ஆஃப் எ ஸ்பேரோ'. 'ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி' என்பது அதன் பொருள். 1985-ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளிவந்த நூல் இது. குருமட நாள்களில் ஒருமுறை புரட்டி, நம் துறைக்கு அயலானது என்று வைத்துவிட்டோம். இம்முறை அதனை இருமுறை வாசித்தோம். திண்ணையில் வாசித்து, நிமிர்ந்து பனையைப் பார்த்து, மீண்டும் வாசித்ததால் எழுந்த எண்ணங்களே இக்கட்டுரை. நம் வாசகப் பெருமக்களுள் பலர் அந்நூலைக் கண்டிருக்க வாய்ப்பில்லை. ஆதலால் ஆசிரியரைப் பற்றிச் சில சொல்லித் தொடங்குவோம்.

நூலாசிரியர்

சாலிம் அலி 1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் மும்பையில் ஓர் இசுலாமியக் குடும்பத்தில் கடைக்குட்டியாகப் பிறந்தார். ஓராண்டில் தந்தையையும் மூன்று வயதுக்குள் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமிருதீன் தையாப்ஜியும் மாமியும் அவரை வளர்த்தனர். ஏறத்தாழப் பத்து வயதில் பொம்மைத் துப்பாக்கியை ஒத்த காற்றுத் துப்பாக்கியால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் கறை இருந்தது. வழக்கமான ஊர்க்குருவிக்கு அது கிடையாது. இது என்ன குருவி என்று மாமனைக் கேட்டார். மாமனுக்குத் தெரியவில்லை. அவர் சிறுவனை, 1883-இல் நிறுவப்பெற்ற பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளராயிருந்த மில்லர்டு என்னும் ஆங்கிலேயரிடம் அனுப்பினார். மில்லர்டு குருவியின் பெயரைச் சொன்னதோடு, பாடம் செய்து வைக்கப்பட்ட பறவைகளின் இழுப்பறைகளையும் திறந்து காட்டினார். அந்த இழுப்பறைகளிலிருந்து சிறுவன் தன் வாழ்நாள் முழுதும் மீளவில்லை.

இடையில் பர்மாவுக்குச் சென்று குடும்பத் தொழிலில் ஈடுபட்டுத் தோற்று, மும்பைக்குத் திரும்பி வணிகக் கல்வி பயின்றார். அக்காலத்தில் அவருடைய உண்மையான நாட்டத்தைக் கண்டுகொண்டு விலங்கியல் படிக்கத் தூண்டியவர், தூய சவேரியார் கல்லூரியில் இருந்த இயேசு சபைக் குரு எத்தல்பர்ட் பிளாட்டர் அடிகளார் ஆவார். சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பிளாட்டர் அடிகளார் தாமே சிறந்த தாவரவியல் அறிஞர். பிற சமயத்து இளைஞன் ஒருவனின் உள்ளத்தில் எது எரிகிறது என்பதைக் கண்டு, அதை அணையாமல் காத்த குருவை நினைக்கும்போது நமக்குப் பெருமிதமும் சிறு நாணமும் ஒருங்கே எழுகின்றன. நம்மிடம் வந்த இளைஞர்களிடம் நாம் எதைக் கேட்டோம்? பாடகர் குழுவுக்கு வருவாயா, பீடச் சிறுவர்களுக்குப் பொறுப்பேற்பாயா என்பவற்றைத் தவிர வேறு கேட்டதாக நினைவில்லை.

'இந்தியப் பறவைகள்' பற்றிய அவருடைய கையேடு 1941-இல் வெளிவந்தது. அமெரிக்க அறிஞர் தில்லன் ரிப்ளியுடன் இணைந்து இயற்றிய பத்துத் தொகுதிகள் 1968 முதல் 1974 வரை வெளிவந்தன. 1976-இல் பத்ம விபூஷண் விருதும், 1985-இல் மாநிலங்களவை நியமன உறுப்பினர் பதவியும் பெற்று, 1987-இல் காலமானார். தொண்ணூறு வயதை எட்டும் முதியவர் தம் நாட்குறிப்புகளைப் புரட்டியும் நினைவைத் துழாவியும் எழுதிய நூல் இது. நகைச்சுவை வறண்டது, சொற்கள் சிக்கனமானவை. உணர்ச்சியைப் பிழிந்து தரும் தன்வரலாறுகளுக்குப் பழகியவர் தொடக்கத்தில் ஏமாறக்கூடும்.

தலைப்பு எழுப்பும் வினா

தலைப்பு எங்கிருந்து வந்தது என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சேக்சுபியரின் 'ஆம்லெட்' நாடகத்தின் இறுதி அங்கத்தில், சாவை எதிர்நோக்கி நிற்கும் இளவரசன், குருவியொன்று விழுவதிலும் இறைப் பராமரிப்பு உண்டென்கிறான். அவனுக்கு அக்கருத்து வந்த இடம் மத்தேயு நற்செய்தியின் பத்தாம் அதிகாரம். காசுக்கு இரண்டாக விற்கப்படும் குருவிகளில் ஒன்றேனும் தந்தையின்றி நிலத்தில் விழாது என்னும் ஆண்டவரின் போதனை அது. லூக்கா நற்செய்தியிலோ இரண்டு காசுக்கு ஐந்து குருவிகள். கணக்குப் பார்த்தால் ஐந்தாவது குருவி கொசுறு. விலையே இல்லாத அந்தக் கொசுறுக் குருவியும் மறக்கப்படுவதில்லை என்று எத்தனையோ முறை மறையுரை ஆற்றியிருக்கிறோம். ஒரு குருவியையேனும் உற்றுப் பார்த்துவிட்டு அதைச் சொன்னோமா என்றால், இல்லை.

இங்குத் திறனாய்வாளன் நின்று நோக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நூலின் தலைப்பு வீழ்ச்சி என்கிறது. ஆனால் அந்தக் குருவி தானாக விழவில்லை. ஒரு சிறுவன் அதனை வீழ்த்தினான். வீழ்த்திய கை யாருடையது என்பதை ஆசிரியர் நூலுக்குள் மறைக்கவில்லை. எனினும் தலைப்பு அதனைச் சற்றே மூடிவைக்கிறது. முதல் வாசிப்பில் இது நமக்கு உறுத்தியது. இரண்டாம் வாசிப்பில் வேறொன்றும் தென்பட்டது. குருவியைக் கொன்ற எத்தனையோ சிறுவர்கள் அதை மறந்து அப்பால் சென்றிருப்பார்கள். இச்சிறுவன் இதன் பெயர் என்ன என்று கேட்டுப் புறப்பட்டான். தொடக்கநூலில் முதல் மனிதனுக்கு இறைவன் தந்த வேலை உயிர்களுக்குப் பெயரிடுதல். பெயரைத் தேடிச் சென்ற அந்த நடையே எண்பது ஆண்டு வாழ்வாக நீண்டது. கொன்றதற்கான கழுவாய் என்று ஆசிரியர் எங்கும் சொல்லவில்லை. நாமும் அவர் வாயில் அச்சொல்லைத் திணிக்க மாட்டோம். ஆயினும் ஒரு தவற்றிலிருந்து ஒரு வாழ்நாள் கவனிப்பு பிறக்கக்கூடும் என்பதற்கு இதைவிட எளிய சான்று நாம் அறியோம்.

கிஹிம் கிராமத்தில்

நூலில் நம்மைப் பற்றிக்கொண்ட பகுதி 1930-ஆம் ஆண்டைச் சார்ந்தது. மும்பை அருங்காட்சியகத்தில் விளக்க விரிவுரையாளராக இருந்த சாலிம் அலி, செருமனிக்குச் சென்று பெர்லினில் எர்வின் ஸ்ட்ரெசுமன் என்னும் அறிஞரிடம் பயிற்சி பெற்றார். திரும்பி வந்தபோது அவருடைய பணியிடமே இல்லை. நிதியில்லை என்று அதை நீக்கிவிட்டனர். முப்பத்துமூன்று வயது, மணமானவர், கையில் சிறந்த பயிற்சி, வேலை மட்டும் இல்லை. மும்பையில் வாழ்வது செலவு மிகுந்தது. ஆகவே அவரும் மனைவி தெஹ்மினாவும் கொங்கணக் கடலோரத்துக் கிஹிம் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே வீட்டருகில் தூக்கணாங்குருவிகளின் குடியிருப்பு ஒன்று இருந்தது. மழைக்காலத் திங்கள்களில் நாள்தோறும் அதன்முன் அமர்ந்து பார்ப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை இல்லை.

பறவைகளைப் பார்ப்பதற்கென்றே மனிதர் ஒதுக்குப்புறங்களுக்குச் சென்று தங்குவது புதிதன்று. 1901-இல் பால்டிக் கடலோரத்து மணல் திட்டிலிருந்த ரோசிட்டன் என்னும் மீனவ ஊரில், இறையியல் பயின்றவராகிய யோகான்னஸ் தீனமன் உலகின் முதல் பறவை நோக்கு நிலையத்தைத் தொடங்கினார். அங்கே நாரைகளுக்கு இட்ட வளையங்கள் ஆப்பிரிக்காவில் கிடைத்தபோது, அவை எங்குச் செல்கின்றன என்பது ஐயமற விளங்கியது. நம் கோடிக்கரையிலும் பம்பாய்க் கழகத்தார் நெடுங்காலம் தங்கி, வலையில் அகப்படும் பறவைகளின் காலில் வளையமிட்டுப் பறக்கவிட்டனர். கண்டெடுப்போர் பம்பாய்க்குத் தெரிவிக்குமாறு வேண்டும் சொற்கள் அவ்வளையத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். இவற்றுக்கெல்லாம் கட்டடம், நிதி, ஆணை ஆகியவை உண்டு. கிஹிமுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. வேலையிழந்த ஒருவரும் அவர் மனைவியும் மழையும்தான் அந்த நிலையம். எனினும் அங்கிருந்து வந்த முடிவுகளே, 1931-இல் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்து, சாலிம் அலியைப் பறவையியலாளராக உலகுக்கு அறிவித்தன.

அவர் கண்டது இதுதான். ஆண்குருவி கூட்டைத் தொடங்கி, தலைக்கவசம் போன்ற பாதிக்கூடாக்கி நிறுத்திக்கொள்கிறது. அப்போது பெண்குருவிகள் வந்து ஒவ்வொன்றாகச் சோதிக்கின்றன. ஒரு பெண் ஏற்றுக்கொண்டால், ஆண் அதனுடன் கூடி, முட்டையறையையும் நீண்ட குழல் வாயிலையும் கட்டி முடிக்கிறது. பெண் அடைகாக்க அமர்ந்ததும், ஆண் மற்றொரு பாதிக்கூட்டைத் தொடங்கி மற்றொரு பெண்ணை எதிர்நோக்குகிறது. ஒருவரும் ஏற்காத பாதிக்கூடுகள் அப்படியே தொங்கும், அல்லது பிய்க்கப்படும்.

இம்முடிவைச் சொல்ல ஐந்து வரிகள் போதும். இதைக் காண ஒரு பருவம் முழுதும் தேவைப்பட்டது. ஒரு நாள் வந்து பார்ப்பவனுக்குத் தென்படுவது கூடு மட்டுமே. ஒரு வாரம் இருப்பவன் கட்டுவதைக் காண்பான். எந்த ஆண், எந்தப் பெண், எந்தக் கூடு, எந்த வரிசை என்பன ஒரே இடத்தில் பல திங்கள் இருப்பவனுக்கே விளங்கும். நூலின் இப்பகுதியை நாம் சிறப்பித்துப் பேசுவதற்குக் காரணம் இதுவே. தங்குதல் என்பதைத் தோல்வியாக, பதவியிழப்பாக அடைந்த ஒருவர், அதனையே முறைமையாக மாற்றிக்கொண்டார். அதைப் பற்றி அவர் தற்புகழ்ச்சியாக ஒரு சொல்லும் எழுதவில்லை.

நம் பனையும் அம்மையார் அறிவும்

வாசித்ததைச் சோதிக்க நமக்குப் பனை இருந்தது. முதல் பத்து நாள் ஒன்றும் புலப்படவில்லை. மஞ்சள் தலையுடைய ஆண்கள் எல்லாம் ஒன்றுபோல் தோன்றின. நெல்லிலையையும் ஓலைக் கீற்றையும் நார்நாராய்க் கிழித்து நூற்றுக்கணக்கான முறை வந்துபோவதை மட்டும் கண்டோம். ஆடி பிறந்தபின், மூன்றாம் ஓலையில் தொங்கிய ஒரு கூட்டைக் குறித்துவைத்துக்கொண்டு அதை மட்டும் பார்த்தோம். பெண்குருவி ஒன்று வந்தது, உட்புறம் நுழைந்து இழுத்துப் பார்த்தது, போய்விட்டது. ஆண் சிறகடித்துக்கொண்டு நின்றது. மறுநாள் இன்னொன்று, அதுவும் போய்விட்டது. நான்காம் நாள் மாலை, அந்த ஆண் பக்கத்து ஓலையில் புதிதாக முடிச்சுப் போடத் தொடங்கியது.

நூலில் வாசித்ததை நேரில் கண்ட மகிழ்ச்சியில், வீட்டு அம்மையாரை அழைத்துச் சொன்னோம். அவர் அண்ணாந்தும் பார்க்கவில்லை. "அது ஒப்புக்கொள்ளாத கூடு சாமி. பொட்டைக்குப் பிடிக்கல. வேற கட்டும்" என்றார். சாலிம் அலி 1930-இல் கண்டறிந்ததில் பாதியை இந்த அம்மையார் பிறந்தது முதல் அறிந்திருந்தார். "பிடிச்சுப்போனா என்ன செய்யும் அம்மா?" என்று கேட்டோம். "குடும்பம் நடத்தும். வேற என்ன?" என்றார். இரண்டாம் கூடும் இரண்டாம் மனைவியும் அவர் அறிவில் இல்லை. பின்னர் ஆவணியில் நாமே அதனைக் கண்டு சொன்னபோது, சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "ஆம்பளைப் புத்தி" என்று சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டார்.

இவ்வுரையாடல் நமக்கு நூலைப் பற்றிய தெளிவைத் தந்தது. ஓரிடத்தில் வாழ்வோரின் அறிவும், ஓரிடத்தில் தங்கிக் குறித்துவைப்பவரின் அறிவும் எதிரிகள் அல்ல. ஆனால் ஒன்றும் அல்ல. வாழ்வோர் பலவற்றை முன்பே அறிந்துள்ளனர். அறிந்தது போதும் என்று நின்றும் விடுகின்றனர். ஆய்வாளர் ஐயத்தோடு அமர்ந்து, கணக்கிட்டு, ஒரு படி மேலே செல்கிறார். தூக்கணாங்குருவி மின்மினியைக் களிமண்ணில் பதித்துக் கூட்டுக்கு விளக்கேற்றும் என்று அம்மையார் உறுதியாக நம்பினார். காற்றில் விழுந்த கூடு ஒன்றை எடுத்து இருவரும் பிரித்துப் பார்த்தோம். உலர்ந்த மண் அப்பியிருந்தது, மின்மினி இல்லை. காற்றில் கூடு அலையாதிருக்க எடைக்காக மண் அப்பப்படுகிறது என்று கருதுவோர் உண்டு. "ராத்திரி பறந்து போயிருக்கும்" என்றார் அம்மையார். நாம் வாதிடவில்லை.

நம் மரபின் கண்கள்

இவ்விடத்தில் தமிழ் வாசகர் ஒரு கேள்வி கேட்கலாம்: பறவைகளைப் பார்க்க நமக்கு மும்பைக்காரர் வேண்டுமா? வேண்டாம் என்பதற்கு நம்மிடம் சான்றுகள் உள்ளன. சத்திமுத்தப் புலவர் வறுமையில் மதுரையில் குளிரால் நடுங்கிக் கிடந்தபோது நாரையை விளித்துப் பாடிய தனிப்பாடலை அறியாதார் யார்? பிளந்த பனங்கிழங்கை நாரையின் அலகுக்கு உவமையாக்கியவர் அப்பறவையை அருகிருந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். அதற்கும் மேலாக, அந்நாரை பெட்டையோடு தெற்கே குமரிவரை சென்று பின் வடக்கே திரும்பும் என்பதும் அப்பாடலின் அடிப்படை. வலசை என்பதை நம் புலவர் ரோசிட்டனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கவிதையில் கையாண்டுள்ளார். ஒளவையாரும், தூக்கணாங்குருவியின் கூட்டைப் போல் ஒன்றை எல்லோராலும் செய்துவிட இயலாது என்று காட்டி, ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொன்று எளிது என்று தற்பெருமையை அடக்கினார்.

ஆனால் இவற்றில் பறவை நம் கருத்துக்கு வாயிலாக வருகிறது. நாரை புலவரின் வறுமையைத் தூது சுமக்கிறது. குருவி பணிவைப் போதிக்கிறது. நம் மறையுரைகளிலும் அவ்வாறே. சாலிம் அலியின் நூலில் பறவை எதற்கும் உவமையில்லை. அது தனக்காகவே அங்கிருக்கிறது. இந்த வேறுபாட்டை நாம் குறையாகவும் நிறையாகவும் காண்கிறோம். உவமையாக்குவோர்க்குப் பறவை சீக்கிரம் முடிந்துவிடுகிறது. உவமையாக்க மறுப்பவர்க்கு அது முடிவதே இல்லை.

நம் புதுவைக்கும் பறவையியலில் இடமுண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் பியர் சொன்னரா என்னும் பிரெஞ்சு இயற்கையியலார் இப்பகுதிப் பறவைகளை விவரித்து 1782-இல் நூல் வெளியிட்டார். அவ்விவரங்களைக் கொண்டு செருமானிய அறிஞர் குமெலின் 1789-இல் நம் வயற்காட்டுக் கௌதாரிக்கு இட்ட இலத்தீன் பெயரில் 'பாண்டிசேரி' என்னும் ஊர்ப்பெயர் இன்றும் நிற்கிறது. சோரியாங்குப்பத்து வரப்புகளில் விடியலில் கத்தும் கௌதாரி உலக அறிவியலில் நம் ஊர்ப்பெயரைச் சுமந்து திரிவது, அதைக் கண்ணி வைத்துப் பிடிப்போர்க்கும் தெரியாது. நமக்கும் இத்தனை ஆண்டுகள் தெரியாது.

நூலின் குறைகள்

போற்றியது போதும், குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதலாவது, துப்பாக்கி. பல்லாயிரம் பறவைகள் ஆய்வுக்காகச் சுடப்பட்டன. வீணே கொல்வதை வெறுப்பதாகவும், ஆயினும் தம் பறவைப் பற்று மென்னுணர்ச்சி சார்ந்ததன்று எனவும், மாதிரிகள் இன்றிப் பறவைகளை வகைப்படுத்தியிருக்க இயலாது எனவும் ஆசிரியர் வாதிடுகிறார். அன்றைய அறிவியலின் நிலையில் வாதம் செல்லும். எனினும் வாதிடும் குரலில் தயக்கத்தின் சாயல் ஒன்றேனும் இருந்திருக்கலாம் என்பது நம் எண்ணம். முதற்குருவியைப் பற்றித் தலைப்பே வைத்தவர், பிந்திய குருவிகளைப் பற்றி இவ்வளவு எளிதாகக் கடந்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, உடனிருந்தோர். பறவைகளை உயிரோடும் சிறகு முறியாமலும் பிடிப்பது பெருங்கலை. பீகாரின் மீர்ஷிகார் என்னும் வழிவழிப் பறவை பிடிப்போர் கழகத்தின் வளையமிடும் பணிக்கு அக்கலையை வழங்கினர். சமையற்காரர், வண்டியோட்டி, வலை சுமந்தோர் என எத்தனை பேர்! ஒருவர் நெடுங்காலம் ஓரிடத்தில் தங்க, வேறு பலர் தண்ணீர் இறைக்க வேண்டும். சோரியாங்குப்பத்தில் நாம் பனையைப் பார்த்திருந்த மூன்று திங்களும் உப்பில்லாக் கஞ்சியை வேளை தவறாமல் வைத்தவர் அந்த அம்மையார். தன்வரலாறு எழுதுவோர் எல்லாரையும் போலவே இவ்வாசிரியரும் இவர்களை விரைந்து கடக்கிறார்.

ஒருவரை மட்டும் அவர் கடக்கவில்லை. செல்வத்தில் வளர்ந்து, வெளிநாட்டில் பயின்ற தெஹ்மினா, கூடாரத்திலும் வழிப்போக்கர் விடுதியிலும் கணவரோடு தங்கி அவருடைய பணியைத் தமதாக ஏற்றவர். 1939-இல் ஓர் அறுவை மருத்துவத்துக்குப் பின் அவர் இறந்தார். அந்த இறப்பைப் பற்றிய பகுதி குறுகியது, ஒப்பாரி இல்லை. அதன்பின் ஐம்பது ஆண்டுகளுக்கு அணுகிய காலம் சகோதரியின் இல்லத்தை ஆதாரமாகக் கொண்டு வாழ்ந்தவர், மறுமணம் செய்யவில்லை. அறுவைத் தழும்பு ஆறாத நிலையில் அப்பகுதியை வாசித்து, புத்தகத்தை மூடிவைத்து, அன்றைய மாலைச் செபத்தில் அவ்விருவர் பெயரையும் சொன்னோம். உணர்ச்சியைப் பிழியாத நடை சில வேளைகளில் மிகுதியாகவே சொல்லிவிடுகிறது.

மூன்றாவது, சமயம் பற்றிய அவர் பார்வை. சிறு வயதில் பொருளறியாது மறைநூல் ஓதக் கற்பித்ததும், பக்தி வேடமிட்ட பெரியோரும் தம்மைச் சமயத்திலிருந்து விலக்கினர் என்கிறார். இதைப் படிக்கும் குரு ஒருவர், அது வேறு சமயத்தார் செய்தி என்று தள்ளிவிட இயலுமா? பொருளறியாது ஒப்பிக்கப்படும் மறைக்கல்வி நம்மிடம் இல்லையா? அவர் கடவுளைப் பற்றிப் பேசாததை நாம் குறையெனக் கொள்ளவில்லை. ஆயினும் பாசாங்குக்காரரைக் கண்டு சமயத்தை அளந்த அவர், தம் துறையில் இப்படிச் செய்யவில்லை என்பதைச் சுட்டுவோம். ஒரு நாள் பார்த்துப் பறவையை முடிவுகட்டக் கூடாது என்று போதித்தவர், சமயத்தின் கூட்டின்முன் ஒரு பருவம் அமர்ந்ததாகத் தெரியவில்லை. அமரத் தூண்டும்படி அவருக்கு யாரும் அமையவில்லை என்பதே அதன் மறுபாதி.

ஏற்கப்படாத கூடுகள்

ஆவணி இறுதியில் மருத்துவர் அனுமதித்தார். சோரியாங்குப்பத்திலிருந்து புறப்பட்ட நாளில் பனையில் தொங்கிய கூடுகளை எண்ணினோம்: குழல் வாயிலோடு முற்றுப்பெற்றவை பதினொன்று, ஒருவரும் ஏற்காத பாதிக்கூடுகள் ஒன்பது. ஐந்து பங்குகளில் நாம் தொடங்கிய திட்டங்களை எண்ணினாலும் கணக்கு ஏறத்தாழ அவ்வளவே வரும். பாதிக்கூட்டில் நின்று சிறகடித்த ஆண்குருவிக்கு அதைக் குறித்து வெட்கம் இருந்ததாகத் தோன்றவில்லை. அடுத்த ஓலைக்குப் போயிற்று. சற்றுமுன் உவமையாக்கலைக் குறை கூறிவிட்டு, இதோ நாமும் உவமையாக்குகிறோம். முப்பதாண்டு மறையுரைப் பழக்கம் மூன்று திங்களில் போய்விடுமா?

அவ்வாண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே கரைகடந்தது. அடுத்த நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீரும் சேர்ந்து பெண்ணையாறு பெருக்கெடுத்து, கரையோரத்து ஊர்களையும் வயல்களையும் மூழ்கடித்தது. அம்மையார் சில நாள் உறவினர் வீட்டில் இருந்தார். நீர் வடிந்தபின் அவரைக் காணச் சென்றோம். திண்ணையில் வண்டல் படிந்திருந்தது, கேணி கலங்கியிருந்தது. பனை நின்றது. இருபது கூடுகளில் இரண்டே எஞ்சியிருந்தன. "போனா என்ன சாமி? அடுத்த மழைக்கு வரும். நீங்கதான் வர மாட்டீங்க" என்றார்.

அச்சொல் நமக்கு உறைத்தது. ஆகவே 2025-ஆம் ஆண்டு ஆனியில், பங்குப் பணிகளுக்கிடையே பத்து நாள் ஒதுக்கிக்கொண்டு மீண்டும் சென்று அதே திண்ணையில் அமர்ந்தோம். குருவிகள் வந்திருந்தன.

சாலிம் அலியின் இந்நூல் பேரிலக்கியம் என்று நாம் சொல்ல மாட்டோம். கட்டமைப்பு தளர்ந்தது, சில இயல்கள் பயணப் பட்டியல்களாகவே நின்றுவிடுகின்றன, கிஹிம் பகுதி நாம் விரும்பும் அளவுக்கு நீளமானதும் அன்று. ஆயினும் ஓரிடத்தில் தங்கி ஒன்றைப் பொறுமையாகப் பார்ப்பது ஒரு மனிதனின் முழு வாழ்வுக்கும் போதுமான வேலை என்று அது மெய்ப்பிக்கிறது. நம் இல்லங்களில் நோயால், முதுமையால், வேலையிழப்பால் ஓரிடத்தில் முடங்கிய எத்தனையோ பேர் உள்ளனர். அவர்களைக் காணச் செல்லும்போது ஆரஞ்சுப் பழங்களோடு இத்தகைய நூல் ஒன்றையும் கொண்டு செல்லுங்கள். அவர்களுடைய கட்டிலைச் சற்றே சாளரத்தின் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டும் வாருங்கள்.